திடலுக்குப் பையன்கள் வருவதில்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு பதிப்பில் சூரிய மின்சக்தி பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "தோட்டப்புற இளைஞர்கள் திடலுக்கே வருவதில்லை, அங்கே சோலார் பொருத்தி என்ன பயன்?" எழுதியவர் சுங்கை சிப்புட் பக்கம் இரவு எட்டு மணிக்கு வந்திருக்கிறாரா? தங்களுக்கே தெரியும், ஃபேக்டரி பஸ் பையன்களை இறக்கிவிடவே ஏழரை ஆகிவிடும்.

எங்கள் பூப்பந்து மண்டபத்தின் போன மாத மின்கட்டணம் 380 ரிங்கிட். ஆளுக்கு ஐந்து ரிங்கிட் வசூலித்துக் கட்டுகிறேன். ஒன்பது மணிக்கு நான் சுவிட்சில் கை வைத்ததும், "அங்கிள், இன்னும் ஒரு கேம்" என்பார்கள். என் சின்ன வயதில் தோட்டத்து ஜெனரேட்டரைப் பத்து மணிக்கு நிறுத்துவார்கள், லயன் வீடுகளெல்லாம் இருண்டுவிடும். அதைத் திட்டித் தீர்த்த நான் இன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே அணைக்கிறேன்.

சோலார் மானியம் கேட்காமல் இல்லை. மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். 2024இல் வீடுகளுக்குச் சோலார் பொருத்த 4,000 ரிங்கிட் வரை தள்ளுபடி கொடுத்தார்களே, அது? மண்டபம் வீடு இல்லையாம். சரி, அரசாங்கக் கட்டடத்துக்கு உள்ளது? அதுவும் இல்லையாம். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி பதிந்த கிளப் என்று சான்றிதழை நீட்டினேன். அதைப் பார்க்காமலே, "மீட்டர் யார் பேரில்?" என்றார் அதிகாரி. தோட்டக் கம்பெனி பேரில். கம்பெனி இரண்டு முறை கைமாறிவிட்டது. நான் யாரைப் போய்க் கேட்பேன்?

ராத்திரி ஆடுகிறவர்களுக்கு வெயில் மின்சாரம் எதற்கு என்று இன்னொருவர் சிரித்தார். பகலில் மிஞ்சுவதை மின் நிறுவனத்துக்குக் கம்பிவழி கொடுத்துவிட்டுப் பில்லில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு 2016இலேயே வந்துவிட்டது, ஐயா.

தேர்தல் சமயத்தில் ஒருவர் வந்து, கதவளவு மாதிரிக் காசோலை கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். பணம் வரவில்லை. அட்டை மட்டும் கூரை ஒழுகும் மூலையில் சாத்தியிருக்கிறது. நல்ல கெட்டி அட்டை. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த நாட்டில், எங்கள் பந்துத் திடலில் பாதி செம்பனையாகிவிட்டதை எழுதினால் தாங்கள் பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

நான் கேட்பது நாலு வரி. எங்களைப் போன்ற கிளப்புக்குச் சோலார் மானியம் உண்டா, உண்டென்றால் எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பப் பாரம் என்று தமிழில் போடுங்கள். கட்டுரையாளரிடமும் சொல்லுங்கள்: செவ்வாய், வியாழன் ஆட்டம் உண்டு. சப்பாத்து போட்டு வரட்டும். ஒன்பதுக்குள் வந்தால் வெளிச்சம் இருக்கும்.

இப்படிக்கு,
பூப்பந்து கிளப் செயலாளர்,
சுங்கை சிப்புட், பேராக்