வாளியில் பத்து நிமிடம்: பிந்திய பருவ வேட்டைக் காற்சட்டை வாங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கத்தில் ஒரு வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதையும் அதன் எதிரே பெரிய மின்விசிறி ஒன்று நிற்பதையும் கண்டு பலர் சிரித்தீர்கள். கூரை ஒழுகுகிறதா என்றுகூட ஒருவர் கேட்டார். கூரை நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஆண்டு முதல், மான் வேட்டைக்கென்று பஞ்சு வைத்த காற்சட்டை கேட்டு வருபவர் அந்த வாளியில், விசிறிக் காற்றில், பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் நாங்கள் பணம் வாங்குவோம். இதை ஒரு வியாபாரத் தந்திரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த மடலை எழுதுகிறோம்.

சென்ற டிசம்பரில் எங்களிடம் வாங்கிய காற்சட்டைகளில் நான்கு திரும்பி வந்தன. நான்கும் ஒரே வகை. கடையில் இருந்தவற்றுள் மிகத் தடித்தது அதுதான். சதுர மீற்றருக்கு 200 கிராம் செயற்கைப் பஞ்சு வைத்தது. குளிர் தாங்க முடியவில்லை, இதைவிடத் தடிப்பானது இருக்கிறதா என்று நால்வரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நானே அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்ராறியோ மாகாணத்துக் கிரே கவுன்ரியில், அறுவடை முடிந்த சோள வயலின் ஓரத்தில் இருக்கும் பரணில் ஏறினேன். காலை ஏழு மணிக்கு ஏறியவன் எட்டரைக்கே இறங்கிவிட்டேன். ஹியூரன் ஏரியைக் கடந்து வரும் வடமேல் காற்று அந்தப் பஞ்சைச் சல்லடையாக எண்ணி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. காற்சட்டையில் குறை இல்லை. பனிச்சறுக்குக்கும் முற்றத்துப் பனி அள்ளுவதற்கும் அது நல்ல உடை. தடிப்பைக் காட்டி வேட்டைக்காரருக்கு விற்றது எங்கள் பிழை.

ஊரில் வாடைக்காற்று என்றால் மார்கழி விடியலில் ஒரு போர்வையை இழுத்து மூடிக்கொள்வதோடு கதை முடிந்தது. இங்கே கணக்கு வேறு. வெப்பமானி −10 பாகை செல்சியஸ் காட்டும் காலையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால், கனடிய வானிலை அறிக்கை அதை −20 போல உணரப்படும் என்று சொல்லும். அந்த எண் திறந்த முகத்துக்கானது. துணி மூடிய தொடைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் காற்று செய்யும் வேலை ஒன்றுதான். பஞ்சு தானாக வெப்பத்தைத் தருவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றை உடல் சூடாக்கி வைத்திருக்கிறது. வெளிக்காற்று புகுந்து அந்தச் சூடான காற்றைத் துரத்திவிட்டால் 200 கிராமும் வீண். காற்றை முழுதாகத் தடுக்கும் மென்படலம் வைத்த 100 கிராம் காற்சட்டை, படலமில்லாத 200 கிராமைப் பரணில் வென்றுவிடும். இதை நான் அந்தச் சோள வயலில், இரண்டாவது வாரம், இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்து கண்டேன்.

கடைக்கு வரும்போது நீங்களே இதைச் சோதிக்கலாம். வெளித்துணியையும் உள்துணியையும் சேர்த்து உதட்டில் இறுக்கி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு பட்டால் வயலோரத்துக்கு அது உதவாது. எங்கள் விற்பனையாளர் முகம் சுளிக்கமாட்டார். ஊதிய துணியைத் துடைத்து வைப்பதற்கும் பழகிவிட்டார்.

அடுத்தது, நீங்கள் எப்படி வேட்டையாடுகிறீர்கள் என்ற கேள்வி. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது, பழைய குண்டு மின்விளக்கு ஒன்றின் அளவு. பையைச் சுமந்துகொண்டு பனியில் நடப்பவரிடம் அது மூன்று நான்கு மடங்காகிவிடும். நாயோடு காட்டுக்குள் இறங்கி மானைக் கிளப்பிவிடுபவரும், அது வெளிப்படும் வழியில் காத்து நிற்பவரும் ஒரே குழுவில் வந்தாலும் ஒரே காற்சட்டையை வாங்கக் கூடாது. நடப்பவருக்குக் காற்றைத் தடுக்கும் மெல்லிய காற்சட்டையும் உள்ளே ஒரு கம்பளித் தெர்மல் உள்ளாடையும் போதும். அவருக்கு இந்த மடலின் மீதிப் பகுதி தேவையில்லை.

உட்காருபவரிடம்தான் சிக்கல் எல்லாம் வந்து சேருகிறது. உட்கார்ந்ததும் பின்புறப் பஞ்சு நசுங்கி அப்பளமாகிவிடும். முழங்காலை மடித்ததும் அங்கேயும் துணி இழுபட்டுப் பஞ்சு தட்டையாகிவிடும். குளிர் முதலில் கடிக்கும் இரண்டு இடங்களிலும், விலைச்சீட்டில் எழுதிய கிராம் கணக்குக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது. அதனால்தான் வாளி. நின்றபடி கண்ணாடியில் பார்த்தால் எல்லாக் காற்சட்டையும் அழகாகத்தான் இருக்கும். வாளியில் உட்கார்ந்தால்தான் எது தொடையை இறுக்குகிறது, எது இடுப்பின் பின்னால் வாயைத் திறக்கிறது, எது கணுக்காலிலிருந்து நான்கு விரல் மேலே ஏறுகிறது என்பது தெரியும். முழங்காலில் முன்கூட்டியே வளைவு வைத்துத் தைத்தவை இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுகின்றன. பின்புறத்துக்கு எந்தக் காற்சட்டையும் தனியாகப் போதாது. யோகா வகுப்புக்கு விற்கிறார்களே, அந்த மாதிரி நுரைப் பாயில் ஒரு சதுரம் வெட்டிக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். அதை நாங்கள் விற்பதில்லை, வீட்டில் பழையது கிடந்தால் அதுவே போதும்.

பஞ்சின் வகையைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். பறவையின் மென்சிறகுக்குத் தூவி என்று ஓர் அழகான பழஞ்சொல் நம்மிடம் உண்டு. அன்னத்தூவி பரப்பிய படுக்கை அரண்மனைச் சுகம். எடைக்கு எடை பார்த்தால் நல்ல தூவியை இன்னும் எந்தச் செயற்கைப் பஞ்சும் வெல்லவில்லை. ஆனால் நனைந்தால் உடனே சுருண்டுவிடும், உட்கார்ந்தால் மற்றெதையும்விட எளிதாக நசுங்கும். பனி உருகி மழையாகி மீண்டும் உறையும் தென் ஒன்ராறியோ டிசம்பருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. 1980களில் அமெரிக்க இராணுவத்துக்காகத் தூவிக்கு மாற்றாக உருவான பிரைமாலாஃப்ட் போன்ற செயற்கைப் பஞ்சுகள் ஈரத்திலும் ஓரளவு உப்பியே நிற்கும். கம்பளி கனமானது, காயவும் நேரமெடுக்கும். ஆனாலும் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தைக் குடித்த பிறகும் அது தோலில் ஈரமாகத் தெரிவதில்லை, சத்தமும் போடாது, நெருப்புப் பொறி பட்டால் பொலியெஸ்டரைப் போல உருகி ஓட்டையாகாது. மெக்கினோ என்ற தடித்த, நெருக்கமான கம்பளித் துணிக் காற்சட்டையை விடாமல் அணியும் கிழவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். காற்றில்லாத காட்டுக்குள் அவர்கள் சொல்வதுதான் சரி. திறந்த வயலுக்கு வந்தால் காற்று கம்பளியையும் ஊடுருவும்.

சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றைத் தடுக்கும் மென்படலமும் சரசரப்பும் பெரும்பாலும் அண்ணன் தம்பியாகவே வருகின்றன. கடையின் சூட்டில் மென்மையாக இருக்கும் நைலோன் வெளித்துணி, குளிரில் விறைத்துப் பேசத் தொடங்கும். நீங்கள் தெரிவு செய்த காற்சட்டையைக் கேட்டால் பின்னறையில் உள்ள உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்துத் தருவோம். தொடையில் நகத்தால் கீறிப் பாருங்கள். ஃப்ளீஸ் போல மயிர்ப்பரப்புள்ள வெளித்துணியும் நடுவில் மென்படலமும் உள்ளவை அமைதியாக இருக்கும். அவற்றில் பனித்தூள் ஒட்டிக்கொள்ளும், விலையும் கூடும். முப்பது மீற்றருக்குள் மான் வரக் காத்திருக்கும் வில் வேட்டைக்காரருக்கு அந்த அதிகப்படி விலையை நான் தயங்காமல் சொல்வேன். மற்றவர்கள் யோசித்துச் செய்யலாம்.

இனி வியர்வை. முழு உடையையும் வாகனத்திலேயே மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் பனியில் நடப்பது, பரணில் ஏறும் முன்பே வேட்டையை முடித்துக்கொள்வதற்குச் சமம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தொடையிலும் முதுகிலும் நனைந்த தெர்மல் அரை மணியில் பழிவாங்கிவிடும். ஆகவே, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பக்கவாட்டில் முழு நீளச் சிப் உள்ள காற்சட்டையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறோம். மெல்லிய காற்சட்டையோடு நடந்துபோய், பரணின் அடியில் சப்பாத்தைக் கழற்றாமலே இதை மேலே மாட்டிக்கொள்ளலாம். பையில் கட்டிச் சுமப்பது கொஞ்சம் அலுப்பு. சிப்பின் பின்னால் காற்றைத் தடுக்கும் மடிப்புத் துணி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்தச் சிப் மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட யன்னல்.

முழு நீளச் சிப்பில் இன்னொரு வில்லங்கம். கால் நீளத்தைப் பின்னர் வெட்டித் தைக்க முடியாது. சிப்பின் முனை போய்விடும். இங்கே வரும் காற்சட்டைகள் பெரும்பாலும் 32 அங்குலக் கால் நீளத்துக்குத் தைத்தவை. நம்மவர்களில் பலருக்கு 28, 29 போதும். தரையில் இழுபடும் காற்சட்டையோடு பரண் ஏணியில் ஏறுவது ஆபத்து. குட்டைக் கால் அளவுகளை இந்த முறை தனியாகச் சொல்லி வரவழைத்திருக்கிறோம். உட்கார்ந்தபடி அளந்து எடுங்கள். சப்பாத்தின் மேல்விளிம்பை அப்போதும் மூட வேண்டும். இடுப்பளவு, உள்ளே அணியப்போகும் தெர்மலோடு சேர்த்து. அதை மறக்காமல் கொண்டு வாருங்கள். ஜீன்ஸின் மேல் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கிப் போனவர்கள்தான் அதிகம் மாற்ற வருகிறார்கள்.

ஜீன்ஸைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பருத்தி நனைந்தால் காயாது. போதாததற்கு, செம்மஞ்சளை நம்மைப் போலப் பிரித்தறியாத மானின் கண், நீலத்தை நன்றாகவே காண்கிறது. அந்த நீலத்தில் போய் உட்காருவானேன்? காற்சட்டையின் நிறத்தைப் பற்றி இதற்கு மேல் கவலை வேண்டாம். துப்பாக்கிப் பருவத்தில் ஒன்ராறியோச் சட்டம் கேட்கும் ஒளிர் செம்மஞ்சள் இடுப்புக்கு மேலே, எல்லாப் பக்கமும் தெரியும்படி 2,580 சதுர சென்ரிமீற்றர், அதோடு தலைக்கும் அதே நிறம். செம்மஞ்சள் காற்சட்டை வாங்கினால் அந்தக் கணக்கில் சேராது.

மார்புவரை உயர்ந்து தோள்வாரில் தொங்கும் பிப் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: குனியும்போது முதுகில் வாய் திறக்காது, சிறுநீரகப் பகுதி சூடாக இருக்கும். நான் அதைத்தான் அணிகிறேன். ஆனால் பரணில் விழாமல் தாங்கும் பாதுகாப்பு வார் கட்டாயம் என்பதால், பிப், அதன் மேல் மேற்சட்டை, அதன் மேல் வார் என்று அடுக்கியபின் இயற்கை அழைத்தால் படும்பாடு வேறு. கீழிருந்தும் திறக்கும் இருவழிச் சிப் உள்ளதைப் பார்த்து எடுங்கள். காலையில் இரண்டாவது தேநீரைத் தவிர்ப்பது அதைவிட மலிவு. பெண்களுக்கு, பின்பகுதி மட்டும் தனியாகத் திறக்கும் பிப் இரண்டு வகை வந்திருக்கின்றன.

கழுவும்போது துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள். அது இழைகளில் பூசி, நீர் தெறிக்கும் தன்மையைக் கெடுத்துவிடும். வெண்மை கூட்டும் சலவைத்தூளும் வேண்டாம். உலர்த்தியில் குறைந்த சூட்டில் சுழற்றினால் பஞ்சு மீண்டும் உப்பும். பருவம் முடிந்ததும் அழுத்திக் கட்டாமல் தொங்கவிடுங்கள். எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் நம் வீடுகளில் பிரச்சினை. அடித்தளத்தில் சமையலறை உள்ள வீட்டுக்காரர் ஒருவர் இரண்டு வாரம் ஒரு மானையும் காணாமல் வந்து என்னிடம் முறையிட்டார். காற்சட்டையை முகர்ந்து பார்த்தேன். கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் போட்டுத் தாளித்த நண்டுக் குழம்பு. எனக்குப் பசித்தது, மானுக்கு எப்படியோ. மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில், வாகனக் கொட்டகையில் வையுங்கள்.

இந்த மாதத்திலிருந்து அந்த 200 கிராம் வகையை வேட்டைப் பகுதியிலிருந்து எடுத்துப் பனிச்சறுக்கு உடைகளோடு வைத்துவிட்டோம். சென்ற ஆண்டு எங்களிடம் அதை வேட்டைக்கென்று வாங்கியவர்கள் பற்றுச்சீட்டோடு வந்தால், அணிந்திருந்தாலும் பரவாயில்லை, கொடுத்த விலையில் பாதியைப் புதியதில் கழித்துத் தருவோம். கார்த்திகை முடியும்வரை இந்த ஏற்பாடு. புதிதாக வாங்குபவர் வெளியே ஒரு முறை அணிந்து பார்த்த பிறகும் பதினான்கு நாட்களுக்குள் மாற்றலாம். இரத்தக்கறையோடு மட்டும் கொண்டு வராதீர்கள், அப்படியானால் அது வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம், வாளி ஒன்றுதான். செவ்வாய், புதன் மாலை வந்தால் ஆறுதலாக உட்காரலாம்.

அன்புடன்,
கடைக்காரர், ஸ்காபரோ

பி.கு.: விசிறியின் வேகத்தை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைப்பவர் யாரென்று தெரியும். மூன்றிலேயே இருக்கட்டும்.