ஆர்.சி. புக் கையில் இருந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சின், டயர், ஓடிய தூரம் என்று எல்லாம் இருந்தது. பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தவணையாகத் தருவதாகச் சொல்லித் தெரிந்தவரிடம் கார் வாங்குகிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எங்கள் பக்கம் பல கார்கள் இப்படித்தான் கைமாறுகின்றன.

முத்திரைத் தாளில் நான்கு வரி எழுதுவார்கள். ‘பாக்கி முழுவதும் வந்தபின் பெயர் மாற்றித் தரப்படும்; தவணை தவறினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது.’ கார், வாங்கியவரின் வீட்டுக்குப் போய்விடும். ஆர்.சி. புக் என்கிற பதிவுச் சான்றும் இரண்டாவது சாவியும் விற்றவரின் பீரோவில் இருக்கும்.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் இப்படித்தான் வாங்கினார். பெரும்பகுதி கட்டிவிட்டு, இரண்டு தவணை தள்ளிப்போன நிலையில், ஒரு நாள் விடிந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை. பின் இருக்கையில் இருந்த மகளின் பள்ளிப்பையும் சேர்ந்து போயிருந்தது. காவல் நிலையத்தில் “ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?” என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் அனுப்பிவிட்டார்கள்.

இது அநியாயம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, குறிப்பிட்ட ஒரு பொருளை விற்க ஒப்புக்கொண்டதுமே அதன் உரிமை வாங்கியவருக்குப் போய்விடும். பணம் பின்னால் வருவது அதைத் தடுக்காது. பொருளை ஒப்படைத்துவிட்ட பிறகு, பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்கும் உரிமை விற்றவருக்கு இல்லை. அவர் செய்யக்கூடியது பாக்கிக்கு வழக்குப் போடுவதுதான். அதற்குப் பொதுவாக மூன்றாண்டு அவகாசம் உண்டு. சாவியைப் போட்டு இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போனால் திருட்டுப் புகாருக்கே இடமிருக்கிறது. ‘கட்டிய பணம் போச்சு’ என்ற வரியும் அப்படியே செல்லாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது.

விற்றவருக்கும் அந்த பீரோ பாதுகாப்பு அல்ல. 2007-இல் காரை விற்ற ஒருவர் பெயர் மாற்றம் நடக்காமலே விட்டுவிட்டார். கார் பலர் கைக்குப் போய், 2009-இல் பின்னோக்கி எடுக்கும்போது மோதி ஒருவர் உயிரிழந்தார். இழப்பீட்டுக்குப் பதிவில் பெயர் உள்ள அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. காரைக் கண்ணால் பார்த்தே ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சட்டம் அவரைத்தான் தேடி வரும்.

ஆகவே முன்பணம் வாங்கிய அன்றே படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பிப் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டையும் உடனே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் தன் காரின் சேதத்துக்குப் பணம் கேட்பது பெரும்பாடு. காரின் மேல் பழைய கடன் ஏதும் இருக்கிறதா என்று பதிவுச் சான்றில் பார்ப்பதும் அவர் வேலை. பாக்கிக்குப் புரோநோட்டும் தேதியிட்ட காசோலைகளும் வாங்கிக்கொள்ளலாம். காசோலை திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டு நிற்பவர்கள் ஏராளம்.

காரையே ஈடாக வைத்துக்கொள்ள விரும்பினால், அதை முறையாக எழுதிப் பதிவுச் சான்றில் குறிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. இன்று இது நிதி நிறுவனங்களின் சமாச்சாரமாகவே பார்க்கப்படுகிறது. தனியாருக்கும் இதை எளிதாக்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலிலேயே தமிழில் பலகை வைக்க வேண்டும். தவணை விற்பனைக்கான மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வழக்கறிஞரைக் கொண்டு எழுதித் தங்கள் இதழில் வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், விருதுநகர்