சேஜ் மென்பொருளைப் பைதன் 3 க்கு மாற்றுவது குறித்து மலையகக் கணித ஆசிரிய ஆலோசகர்களுக்கும் அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மலையக வலயங்களின் கணித, தகவல் தொழினுட்ப ஆசிரிய ஆலோசகர்களுக்கும், கணினி ஆய்வுகூடம் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த தவணை முடிவில் நடந்த கலந்துரையாடலில், நமது ஆய்வுகூடக் கணினிகளில் இருக்கும் சேஜ் கணித மென்பொருளை இனி என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஓடுவதை ஓடவிடுவோம், கை வைக்க வேண்டாம் என்று ஒரு சாரார் கூறினார்கள். பழசாகிவிட்டதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது என்று மறுசாரார் கூறினார்கள். அதற்குள் தேநீர் வந்துவிட்டதால் பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் இணைந்த கணிதம் கற்பிப்பவள் என்ற வகையிலும், அந்தக் கணினிகளில் உள்ள பணித்தாள்களில் ஒரு பகுதியைக் கைப்பட எழுதியவள் என்ற வகையிலும், இரண்டு கருத்துகளுமே நமக்கு நட்டத்தை உண்டாக்கும் என்று நான் அஞ்சுகிறேன். மாறத்தான் வேண்டும், ஆனால் ஒவ்வொரு பணித்தாளுக்கும் சரியான விடை என்ன என்பதை எழுதி வைத்துக்கொண்ட பிறகே மாற வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

சேஜை வில்லியம் ஸ்டைன் என்ற கணிதவியலாளர் 2005 இல் தொடங்கினார். மேத்மெட்டிக்கா, மேப்பிள், மக்மா, மட்லாப் ஆகிய விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு இணையான, எவரும் இலவசமாகப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய ஒன்றை உருவாக்குவதே அவரது நோக்கமாக இருந்தது. பாரி, கேப், சிங்குலர், மக்சிமா முதலிய பல திறந்த மூலக் கணிதக் கருவிகளை அது பைதன் என்ற நிரல் மொழியால் ஒன்றாகத் தைத்துக் கொடுத்தது. உரிமக் கட்டணம் என்ற சொல்லைக் கேட்டாலே பின்வாங்க வேண்டிய நிலையிலுள்ள நமது பாடசாலைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தத் தையல் நூல்தான் இப்போது மாறியிருக்கிறது. பைதன் 3 முதன்முதலில் வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய பைதன் 2 க்கான ஆதரவு 2015 இல் முடிவதாக இருந்து, பின்னர் 2020 சனவரி 1 வரை நீடிக்கப்பட்டது. சேஜின் 9.0 பதிப்பு, பைதன் 3 ஐ அடிப்படையாகக் கொண்டு, அதே 2020 சனவரி 1 அன்று வெளியாயிற்று. அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் வந்த 9.2 பதிப்போடு பைதன் 2 க்கு இடமே இல்லாமற் போயிற்று. நமது கணினிகளில் பெரும்பாலானவற்றில் உபுண்டு இயங்குதளத்தின் 18.04 பதிப்புடன் வந்த சேஜ் 8.1 இருக்கிறது. அது பைதன் 2 இல் ஓடுவது. உபுண்டு 20.04 இல் வந்த சேஜ் 9.0 பைதன் 3 இல் ஓடுவது. ஆகவே ஓர் ஆய்வுகூடத்தில் ஒரு கணினியை மட்டும் எவராவது புதுப்பித்துவிட்டால், பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வெவ்வேறு மொழிகள்.

கை வைக்க வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்கள் எல்லோரும் அறிந்த ஒன்றுதான். ஒரே தகரக் கூரையின் கீழ் உள்ள காம்பிராக்களில், அயலவர்கள் ஒவ்வொருவராகத் தனி வீட்டுக்குப் போன பிறகு, கடைசியாக இருப்பவரின் அடுப்படியில் ஒழுகும் மழைநீர் அடுத்த வெறும் காம்பிராவின் ஓட்டை வழியாக வந்ததாகவே இருக்கும். சேஜ் தங்கியிருக்கும் நம்பை என்ற எண்கணிதத் தொகுதி 1.16 பதிப்போடும், சிம்பை என்ற குறியீட்டுக் கணிதத் தொகுதி 1.5 பதிப்போடும் பைதன் 2 ஐ விட்டுப் போய்விட்டன. இனி அங்கே ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அதைத் திருத்த எவரும் வரமாட்டார்கள். அத்துடன், உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் பைதன் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் பாடக் குறிப்பையும் எனது பணித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "டீச்சர், இதில் பிரின்ட் கட்டளைக்குப் பிறகு அடைப்புக்குறி இருக்கிறது, உங்களுடையதில் இல்லையே, எது சரி?" என்று கேட்டாள். இரண்டுமே சரி, ஆனால் வெவ்வேறு காலத்துக்குரியவை என்று நான் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தி அளிக்கவில்லை. எனக்கும்தான்.

அழித்துவிட்டுப் புதியதைப் போடலாம் என்பவர்களிடம் நான் இன்னும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்குதான் உண்மையான ஆபத்து உள்ளது. அடைப்புக்குறி இல்லாத பிரின்ட் ஓர் ஆபத்தே அல்ல. புதிய பைதன் அதைக் கண்டதும் நின்று, எந்த வரியில் பிழை என்றும் சொல்லிவிடும். டூ டு த்ரீ என்ற மாற்றுக் கருவி அதைத் தானாகவே திருத்தியும் கொடுக்கும். நான் அஞ்சுவது, ஒரு சத்தமும் இல்லாமல் வேறு விடையைத் தரும் வரிகளுக்கே.

தரம் 7 பிள்ளைகளுக்கு இலக்கச் சுட்டி கற்பிப்பதற்காக, ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டும் சிறு நிரல் ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். சேஜ் இல்லாமல் வெறும் பைதனில் ஓடுவது அது. எண்ணைப் பத்தால் வகுத்து மீதியை எடுத்துக் கூட்டுவது, பிறகு எண்ணையே பத்தால் வகுத்துக் கடைசி இலக்கத்தை உதிர்ப்பது, எண் பூச்சியமாகும் வரை இதையே திரும்பச் செய்வது, அவ்வளவுதான். 738 ஐக் கொடுத்தால் 18 வரும். 18 ஒன்பதால் வகுபடும், ஆகவே 738 உம் வகுபடும். பைதன் 2 இல் நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுத்தால் தசமப் பகுதி தானாகவே விழுந்துவிடும் என்பதை நம்பி எழுதப்பட்டது அது. பைதன் 3 இல் 738 ஐப் பத்தால் வகுத்தால் 73.8 வரும், அதன் மீதி 3.8, அடுத்து 7.38, அடுத்து 0.738, இப்படியே எண் தேய்ந்து தேய்ந்து, முந்நூறு சுற்றுகளுக்கும் மேல் போன பிறகே கணினியின் கணக்கில் பூச்சியமாகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் விடை ஏறத்தாழ 20. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒரு பிள்ளை எழுந்து, 20 ஒன்பதால் வகுபடாது, ஆகவே 738 உம் வகுபடாது என்று என்னிடம் நியாயமாகவே வாதாடினான். அவனுடைய தர்க்கத்தில் பிழையில்லை. பிழை, வகுத்தலுக்கு நான் இட்ட ஒற்றைச் சாய்கோட்டில் இருந்தது. அங்கே தசமப் பகுதியை விட்டு வகுக்கும் இரட்டைச் சாய்கோடு இருந்திருக்க வேண்டும். மேலே சொன்ன மாற்றுக் கருவி இந்த வகுத்தலைத் தொடுவதே இல்லை என்பதைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

சேஜ் பணித்தாளுக்குள் தட்டச்சுச் செய்யும் எண்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. அங்கே ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை என்ற பின்னமே கிடைக்கும், ஏனெனில் நாம் எழுதும் எண்களைச் சேஜ் முன்கூட்டியே தனது நிறைவெண்களாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் ஒரு பட்டியலின் நீளத்தைக் கேட்டால் வருவது வெறும் பைதன் எண். இரண்டு தாயக்கட்டைகளை உருட்டிக் கூட்டுத்தொகை 7 வருவதன் நிகழ்தகவை, சாதகமான பேறுகளின் பட்டியல் நீளத்தை எல்லாப் பேறுகளின் பட்டியல் நீளத்தால் வகுத்துக் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய சேஜ் 0 என்கிறது. புதிய சேஜ் 0.1666 என்று தொடங்கும் நீண்ட தசமம் ஒன்றைத் தருகிறது. நாம் கரும்பலகையில் எழுதுவதோ ஆறில் ஒன்று. மேல் நீளத்தைச் சேஜின் நிறைவெண்ணாக வெளிப்படையாக மாற்றி எழுதினால் இரண்டு பதிப்பிலும் ஆறில் ஒன்று வரும். திருத்தம் ஒரு சொல்தான், ஆனால் எங்கே திருத்த வேண்டும் என்பதை அந்தப் பணித்தாளைக் கற்பித்தவரே அறிவார்.

இதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது தவணைப் பரீட்சைப் புள்ளிகளைத் தொகுக்கும் நிரல். இரண்டு வினாத்தாள்களில் 34, 35 எடுத்த ஒரு பிள்ளையின் சராசரி 34.5. பைதன் 2 அதை 35 என்று மட்டந்தட்டும். பைதன் 3, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுசெல்வதால், 34 என்று மட்டந்தட்டும். 35 க்கு எஸ் சித்தி. 34 க்குச் சித்தியில்லை. 35.5 எடுத்தவருக்கோ இரண்டு பதிப்பிலும் 36 தான் வரும், ஆகவே ஒரு பிள்ளையின் புள்ளியை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரியாக ஓடுகிறது என்று முடிவு செய்வதில் பயனில்லை. எந்த விதி நியாயமானது என்று நான் இங்கு வாதிடவில்லை. பிள்ளையின் சித்தியைத் தீர்மானிக்கும் விதியை மென்பொருள் நிறுவிய கை தற்செயலாக மாற்றிவிடக் கூடாது என்று மட்டுமே சொல்கிறேன்.

பழையது எல்லாவற்றிலும் நல்லது என்று எவரும் எண்ணிவிடாதிருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். அதே நிரலில், பரீட்சைக்கு வராத பிள்ளையின் புள்ளிக் கட்டத்தில் "வரவில்லை" என்று எழுதுவது எங்கள் வழக்கம். பைதன் 2 எண்ணையும் சொல்லையும் ஒப்பிடத் தயங்குவதே இல்லை. சொல்லே எப்போதும் பெரியது என்பது அதன் தீர்ப்பு. அதனால் ஒருமுறை வகுப்பில் முதலாம் இடம், பரீட்சைக்கே வராத பிள்ளைக்குக் கிடைத்தது. பைதன் 3 இப்படிப்பட்ட ஒப்பீட்டை மறுத்து நின்றுவிடுகிறது. சேஜை மாற்றிய தன்னார்வலர்களுக்கு மிகுந்த உழைப்பை வைத்த இடங்களில் இதுவும் ஒன்று: எந்தக் கணிதப் பொருளை எதனோடு ஒப்பிடலாம் என்பதைப் பழைய மொழி மூடி மறைத்திருந்த ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் தெளிவாக எழுத வேண்டியதாயிற்று.

தமிழுக்கும் புதிய மொழியே மேலானது. தேயிலை என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதன் 2 இடம் கேட்டால், அது உள்ளே சேமித்த பைட்டுகளை எண்ணி 18 என்று சொல்லும். பைதன் 3 ஒருங்குறிக் குறிகளை எண்ணி 6 என்று சொல்லும். முதலாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்வாள். அவளுக்கு இணையாக இன்னும் எந்தப் பதிப்பும் வரவில்லை. எனினும் பைதன் 3 இல் கொழுந்து, பறித்தநாள் என்று மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம், பழையதில் அது முடியாது. நமது பழைய பணித்தாள்களின் குறிப்புரைகள் பல பாமினி எழுத்துருவில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். கோப்புகளைத் திறந்து பார்க்கும் அதே வேளையில் அவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம்.

சேஜ் குழுவினர் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தாங்கியதற்குக் காரணம், அவர்களது செயற்கூறுகளின் விளக்கத்துக்குள்ளேயே எடுத்துக்காட்டும் அதன் விடையும் எழுதப்பட்டிருப்பதும், அந்த எடுத்துக்காட்டுகளைக் கணினியே ஓட்டி விடை பொருந்துகிறதா என்று பார்ப்பதுமாகும். மொழி மாறியபோது எங்கெல்லாம் விடை மாறியது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. நமது பணித்தாள்களில் கேள்வி இருக்கிறது, நிரல் இருக்கிறது. விடை ஆசிரியரின் தலைக்குள் இருக்கிறது. அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் விடையும் அவருடனேயே பஸ் ஏறிவிடுகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த தவணை விடுமுறையில் ஒவ்வொரு கொத்தணியிலும் கணித ஆசிரியர் ஒருவருக்கும் தகவல் தொழினுட்ப ஆசிரியர் ஒருவருக்கும் இரண்டு நாள் கடமை விடுப்புக் கொடுங்கள். முதல் நாள் பழைய கணினியிலேயே ஒவ்வொரு பணித்தாளையும் ஓட்டி, விடையைக் கையால் சரிபார்த்து, அதனருகிலேயே எழுதட்டும். எல்லைக்கோட்டு விடைகளை, அதாவது 34.5 போன்றவற்றை, தேடிப் பிடித்து எழுதட்டும். பழைய பைதனை மைனஸ் மூன்று என்ற தெரிவுடன் இயக்கினால், எங்கெல்லாம் பழைய முறை வகுத்தல் நடக்கிறது என்று அது எச்சரிக்கும்; பாதி வேலை அதிலேயே தெரிந்துவிடும். மறுநாள் புதிய கணினியில் ஓட்டி, மாறியவற்றை மட்டும் திருத்தட்டும். உலாவியில் ஓடும் பழைய சேஜ் ஏடு பைதன் 3 க்கு வரவில்லை, ஆகவே அதில் உள்ளவற்றை ஜுபிட்டர் ஏடுகளாக மாற்ற வேண்டியிருக்கும். புதிய மென்பொருள் பல கிகாபைட் அளவுள்ளது. மழைக்காலத்தில் நமது சிக்னலில் ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியாக அதைப் பதிவிறக்க முயல்வது வீண். கண்டியிலோ கொழும்பிலோ ஒருமுறை இறக்கி, வெளி வன்தட்டில் ஏற்றி, பாடசாலைக்குப் பாடசாலை கைமாற்றினால் போதும். எல்லாம் முடியும் வரை ஒவ்வோர் ஆய்வுகூடத்திலும் ஒரு பழைய கணினியை இணையத் தொடர்பின்றி அப்படியே வைத்திருக்க அதிபர்கள் அனுமதிக்க வேண்டும். அதை ஏலத்துக்கு அனுப்பும் பட்டியலில் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள்.

எனது பணித்தாள்களில் நிகழ்தகவு, எண்கோலங்கள் ஆகிய இரண்டு அலகுகளுக்கும் விடைகளை எழுதி முடித்துவிட்டேன். புள்ளித் தொகுப்பு நிரலில் மட்டந்தட்டும் விதியைப் பைதனிடம் விடாமல் நானே எழுதிச் சேர்த்து, 34.5 க்கு இரண்டு பதிப்பிலும் 35 வருவதைப் பார்த்துவிட்டேன். கோப்புகள் வன்தட்டில் தயாராக உள்ளன. விடுமுறையின் முதல் வாரத்தில் எங்கள் ஆய்வுகூடத்தின் திறப்பு என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.