சத்தத்தை மூடிவிட்டுப் பார்ப்பதா, மச்சான்?

திருகோணமலை
12.08.2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இந்தக் காலத்திலும் பேனா எடுத்து எழுதுகிறாயே, அதற்காகவே நானும் இருந்து எழுதுகிறேன். கடையைக் கொடுத்துவிட்டது நல்ல முடிவுதான். முழங்காலுக்குச் சைக்கிள் ஓடச் சொல்லி டொக்டர் சொன்னதை வாசித்துவிட்டு இங்கே எல்லோரும் சிரித்தோம். உன்னைச் சைக்கிளில் இருந்து இறக்குவதற்குத்தானே அந்தக் காலத்தில் உன் அப்பா பாடுபட்டார்!

இங்கே பெரிய புதினம் ஒன்றும் இல்லை. கச்சான் காற்று வாட்டி எடுக்கிறது. பகலில் வெளியே தலை காட்ட முடியாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்துபோய் இருக்கிறார்கள், முச்சக்கர வண்டிக்காரருக்கு நல்ல காலம். ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயிலில் சரியான சனம். தங்கச்சிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தது, இப்போது நன்றாகத் தெரிகிறதாம். அவ்வளவுதான்.

சரி, உன் முக்கியமான முறைப்பாட்டுக்கு வருவோம். பெப்ரவரியில் சைக்கிள் ஓட்டம் காட்டிய யூரோஸ்போர்ட் ரி.வி.யைப் பிரித்தானியாவில் மூடிவிட்டார்கள், மாதம் 6.99 பவுணுக்குப் பார்த்ததற்கு இப்போது 30.99 பவுண் கேட்கிறார்கள், காசில்லாமல் காட்டிய ஐ.ரி.வி.க்கும் இந்த யூலையோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தைக் காட்டும் உரிமை முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கோபம் நியாயம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வசனம் எழுதினாய் பார், அதை விட மாட்டேன். “இனி யார் கதைத்தால் என்ன, சத்தத்தை மூடிவிட்டு மலையையும் ஓட்டக்காரரையும் பார்த்தால் போதும்” என்று.

போதாது மச்சான். மருமகன் அனுப்பிய பதிவு ஒன்றை அப்படி மூடிவிட்டுப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிரிக்கெட் என்றால் சத்தம் இல்லாவிட்டாலும் பந்து தெரியும், விக்கெட் விழுந்தால் தெரியும், மூலையில் ஓட்டங்கள் நிற்கும். இது அப்படியா? இந்த வருட டூரில் 184 பேர் புறப்பட்டார்கள். 2003இல் இருந்து தலைக்கவசம் கட்டாயம், அதற்குக் கீழே கறுப்புக் கண்ணாடி. முகமே இல்லை. ஆளை அறிவதென்றால் அவன் தோளை ஆட்டும் விதம், காலை மிதிக்கும் விதம் தெரிந்த ஒருவன் சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. கமரா ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் காட்டும். முன்னால் நாலு பேர், நடுவில் தனியே ஒருவன், பின்னால் பெரிய கூட்டம், அதற்கும் பின்னால் மலையில் கைவிடப்பட்டவர்கள் என்று ஓட்டம் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்கு நீண்டு கிடக்கும். திரையில் இருப்பது அதில் ஒரு துண்டு. மிச்சத்தை யாராவது வாயால்தான் சொல்ல வேண்டும். உன் வீட்டு மதிலில் ட்ரான்சிஸ்டரை வைத்துச் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனை கேட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? சைக்கிள் ஓட்டம் ரி.வி.யில் வந்தாலும் பாதி வானொலிதான் என்பது என் கருத்து.

தகவல் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஓட்டத்தை எடுத்துப்பார். ஒலிம்பிக்கில் ஓட்டக்காரருக்குக் காதில் ரேடியோ கிடையாது. ஒஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற பெண், தொடக்கத்திலேயே தப்பிப்போய்விட்டாள். பின்னால் வந்த நெதர்லாந்துக் கெட்டிக்காரிகளுக்கு அவள் முன்னால் இருப்பதே தெரியாது. ஒரு நிமிடத்துக்கும் மேல் பிந்தி வந்த ஆனமீக் வான் வ்ளூட்டன் தங்கம் தனக்குத்தான் என்று கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தாள். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரிக்கே அந்த நிலை. சத்தத்தை மூடிவிட்டுக் கதிரையில் சாய்ந்திருக்கும் உனக்கும் எனக்கும் எப்படி இருக்கும்?

ஆனபடியால் வர்ணனையாளரிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது குரல் அல்ல, கணக்கு. யார் எங்கே, எத்தனை நிமிடம், யாருடைய அணி கூட்டத்தை இழுக்கிறது, ஏன் இழுக்கிறது. பிரான்சில் ரொபேர் ஷப்பாத் என்று ஒருவர் இருந்தார். முதலில் ஓட்டக்காரர், பிறகு ரி.வி. வர்ணனையாளர். தப்பி ஓடுகிறவனைப் பெரிய கூட்டம் மனம் வைத்துத் துரத்தினால் 10 கிலோமீற்றருக்கு 1 நிமிடம் பிடித்துவிடும் என்று ஒரு விதி சொல்லிவைத்தார். 30 கிலோமீற்றர் மிச்சம், 3 நிமிடம் முன்னால் என்றால் முடிவுக் கோட்டில் இரண்டு பகுதிக்கும் சரிசமன். இதைக் காதில் போட்டுவிட்டால், பார்க்க ஒன்றுமே நடக்காத அரை மணித்தியாலமும் பதைபதைப்பாக மாறிவிடும். இப்போது கணினியும் ஜி.பி.எஸ்.உம் வந்துவிட்டன, விதி முன்னைப்போலப் பலிப்பதில்லை. ஆனாலும் பார்க்கிறவன் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்தார் பார், அதுதான் வர்ணனை.

காற்றும் அப்படித்தான். காற்று திரையில் தெரியாது. நிலாவெளி வீதியில் இந்த மாதம் சைக்கிள் ஓடிப்பார்த்தவனுக்குத் தெரியும். மேற்கே இருந்து வரும் கச்சான் பக்கவாட்டில் தள்ளும், முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்க முடியாது, அவனுக்கு அணைவாகச் சாய்வரிசையில் ஓடினால்தான் தப்பலாம். சைக்கிள் ஓட்டத்தில் எச்சலோன் என்று சொல்வது இதைத்தான். வீதியின் அகலம் முடிந்ததும் அந்த வரிசையில் இடம் முடிந்துவிடும், இடம் கிடைக்காதவன் வீதியோரத்தில் தனியே அவதிப்பட்டுக் கழன்றுபோவான். அதற்கு அரை மணித்தியாலம் முன்னரே “இன்னும் ஆறு கிலோமீற்றரில் வீதி வலப்பக்கம் திரும்புகிறது, அங்கே காற்று பக்கத்தில் அடிக்கும், யார் முன்னுக்கு வருகிறார்கள் என்று பாருங்கள்” என்று சொல்கிறவன் எனக்கு வேண்டும். எல்லாம் உடைந்து சிதறிய பிறகு “ஐயோ கூட்டம் பிளந்துவிட்டது” என்று கத்துவதற்கு ஆள் தேவையில்லை, அது எனக்கே தெரிகிறது.

2022 யூலை 13ஐ மறந்திருக்க மாட்டாய். இங்கே ஜனாதிபதி நாட்டை விட்டுப் போன அதே நாள். பெற்றோல் இல்லை, பழைய சைக்கிளுக்கும் பொன் விலை. அன்று இரவு, பாதி நாட்டுச் செய்தியும் பாதி ஓட்டமுமாக, டூரின் கிரனோன் மலை ஏற்றத்தைப் பார்த்தேன். அதற்கு முந்திய மலையிலேயே ஒரே அணியின் ரோக்லிச்சும் விங்கெகோரும் மாறி மாறித் தாக்க, முதலிடத்தில் இருந்த பொகாச்சார் ஒவ்வொன்றுக்கும் தானே எழும்பிப் பதில் சொன்னார். பார்க்க வீரம்தான். அந்த வீரத்துக்குக் கடைசி மலையில் கிட்டத்தட்ட 3 நிமிடம் வட்டியாகப் போனது, முதலிடக்காரர் அணியும் மஞ்சள் ஜேர்சியும் போனது. முன் மலையில் நடந்தது வெறும் வாணவேடிக்கை அல்ல, இருவர் சேர்ந்து ஒருவனைக் களைக்க வைக்கும் வேலை என்று அந்த நேரத்திலேயே விளங்கப்படுத்துகிறவன் நல்ல வர்ணனையாளன். ஓட்டக்காரனாக இருந்தவனைப் பக்கத்தில் உட்காரவைப்பதே அதற்குத்தானே.

இனி உன் லிகெட் விஷயம். ஆங்கில வர்ணனையாளர்கள் ஃபில் லிகெட்டும் போல் ஷெர்வெனும் இருந்த காலம்தான் பொற்காலம் என்கிறாய். 1987இல் லா பிளாஞ் மலையில், டெல்காடோ ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னால் போய்விட்டார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவரோடு போட்டியிட்ட ஸ்டீபன் ரோச் திடீரென்று வளைவில் வந்து நின்றாரே, “அது ரோச் போல இருக்கிறது!” என்று லிகெட் அலறினாரே, அது ஒரு பொன்னான நிமிடம், ஒப்புக்கொள்கிறேன். 4 செக்கன்தான் வித்தியாசம், கோட்டைக் கடந்து விழுந்தவருக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். அந்த அலறல் அழகாக இருந்ததற்குக் காரணம், அவருக்கும் உண்மையிலேயே தெரியாமல் இருந்ததுதான். 2018 மார்கழியில் ஷெர்வென் கம்பாலாவில் இறந்தபோது எனக்கும் கவலைதான். லிகெட் எண்பதைத் தாண்டியும் அமெரிக்க ரி.வி.க்குப் பேசுகிறார், பெரிய மனிதர்.

ஆனால் ஆர்ம்ஸ்ட்ரோங் காலத்தை எப்படி விடுவது? 1999 முதல் 2005 வரை டூரில் ஏழு வெற்றி, ஊக்கமருந்து எடுத்ததற்காக 2012இல் ஏழையும் பறித்தார்கள். அத்தனை வருடமும் அந்த இருவரும் அவர் பக்கம் நின்று புகழ்ந்தார்கள், சந்தேகம் கேட்டவர்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். லண்டன் பத்திரிகையில் டேவிட் வோல்ஷ் கேட்ட கேள்வியில் பத்தில் ஒன்றைக்கூட ரி.வி.யில் நான் கேட்கவில்லை. ஓட்டக்காரரோடு ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பயணம் செய்து, பிறகு அவரைப் பற்றி நடுநிலையாகப் பேசுவது கஷ்டம் என்பது எனக்கும் விளங்குகிறது. அதற்காக மன்னித்துவிட மனம் வரவில்லை. அந்த வகையில் ஓட்டக்காரராக இருந்து வர்ணனையாளரான டேவிட் மில்லரை எனக்கு அதிகம் பிடிக்கும். ஈ.பி.ஓ. என்ற ஊக்கமருந்து எடுத்து 2004இல் பிடிபட்டு, இரண்டு வருடத் தடை அனுபவித்தவர். ஒருவன் மலையில் நம்ப முடியாத வேகத்தில் போகும்போது அவர் கொஞ்சம் மௌனமாகிவிட்டால், அந்த மௌனத்தில் விஷயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். ஐ.ரி.வி. வர்ணனையில் நெட் போல்டிங்கோடு அவர் சேர்ந்தது 2016இல். அந்த வருடம் நான் உன் வீட்டில் இருந்தேன், வொந்து மலையில் மஞ்சள் ஜேர்சிக்காரர் ஃபுரூம் சைக்கிள் இல்லாமல் காலால் ஓடியதைப் பார்த்துவிட்டு நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எனக்கு ஒருவரைத்தான் தெரிவு செய்யலாம் என்றால், ஓட்டக்காரராக இருந்து வர்ணனையாளரான அயர்லாந்தின் ஷோன் கெலி. வானொலிப் பேட்டியில் தலையாட்டிப் பதில் சொன்ன மனிதர் என்று அவரைப் பற்றிப் பகிடி சொல்வார்கள். அவ்வளவு குறைந்த பேச்சு. பாரிஸ்–நீஸ் ஓட்டத்தைத் தொடர்ந்து ஏழு தடவை வென்றவர் என்பதை அவர் வாயால் கேட்கவே மாட்டாய். 1992இல் மிலான்–சான்ரேமோவில் பொஜ்ஜியோ மலை இறக்கத்தில் பறந்துபோய், முன்னால் போன இத்தாலியர் அர்ஜெந்தினைப் பிடித்து வென்ற மனிதர் அதே இறக்கத்தைக் காட்டும்போது “இந்த வளைவில் பிரேக் பிடித்தால் முடிந்தது” என்கிற அளவில் நிறுத்திக்கொண்டால் நான் நம்புவேன். வேறொருவர் பத்து வசனம் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

2017இல் இருந்து டூரின் எல்லா நாள் ஓட்டத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டுகிறார்கள். ஐந்து மணித்தியாலம் வாய் ஓயாமல் பேசுவது யாருக்கும் லேசில்லை. கோட்டை, தேவாலயம், வைன், பாற்கட்டி என்று போவது அதனால்தான். அதில் எனக்குக் கோபம் இல்லை, சில கோட்டைகளை அப்படித்தான் அறிந்துகொண்டேன். ஓட்டம் சூடு பிடித்த பிறகும் கோட்டையை விட்டு இறங்காத ஆட்களிடம்தான் கோபம்.

எங்கள் பக்கத்துச் சித்திரைப் புத்தாண்டுச் சைக்கிள் ஓட்டத்துக்கு வா, உனக்கு ஒரு வர்ணனையாளரைக் காட்டுகிறேன். நிலாவெளி வரை போய்த் திரும்பும் ஓட்டம். தகரப் பந்தலுக்குக் கீழே மைக்கோடு இருப்பவருக்கு ஓட்டத்தில் ஓர் அங்குலமும் தெரியாது. சாம்பல்தீவுப் பாலத்தடியில் நிற்கும் பெடியன் போன் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. அதுவரை தொலைந்த திறப்பு, அன்பளிப்பு செய்த கடைக்காரரின் பெயர், வீதியில் கட்டி வைக்காத மாடு என்று சமாளிப்பார். போன் வந்ததும் குரல் மாறும்: “பாலத்தைக் கடந்தவர்கள் மூன்று பேர், நீலச் சட்டை முன்னால், நாலாவது ஆள் இன்னும் கண்ணுக்கு எட்டவில்லை.” யாராவது கூட்டத்தில் இருந்து “எங்கட ஆள் எங்கே?” என்று கேட்டால், “தகவல் வரவில்லை, பொறுங்கோ” என்பார். தெரியாததைத் தெரியும் என்று அடித்துவிட மாட்டார். ஜி.பி.எஸ்.உம் ஹெலிகொப்டரும் இல்லாத அந்த மனிதரிடம் சம்பளம் வாங்கும் சிலர் வந்து ஒரு நாள் படிக்கலாம்.

30.99 பற்றி நீ கேட்டதற்குப் பதில்: யூலைக்கு மட்டும் கட்டு, ஓட்டம் முடிந்ததும் நிறுத்து. மகளும் பாதி போட்டால் வலிக்காது. வசந்த கால ஓட்டங்களுக்கு யாராவது பெல்ஜியக் கூட்டாளியைப் பிடி.

மார்கழியில் வருவதாக எழுதியிருந்தாய். அப்போது இங்கே வாடை, மழை விடாது, கடலும் கொந்தளிப்பு. பங்குனி கடைசியில் வந்தால் புத்தாண்டு ஓட்டத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். வரும்போது என் பழைய ராலி சைக்கிளுக்கு ஒரு நல்ல இருக்கை கொண்டுவா, இங்கே கிடைப்பதெல்லாம் ஒரு மழையோடு கிழிந்துவிடுகிறது. அளவைப் பின்பக்கத்தில் கீறி வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி