விரலைத் திட்டுவதற்கு முன்

கீபோர்டு சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஆசிரியன் இல்லை. இருபது வருஷம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்துவிட்டு, இப்போது கீபோர்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மாணவர்களின் கீபோர்டுகள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் பலவற்றில் பழுதே இருப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன மாதம் ஓர் அம்மா பத்து வயது மகளோடு வந்தார். "சவுண்டு எழும்பவே மாட்டேங்குது சார். போர்டு போயிருக்கும், புதுசா வாங்கிடுங்கன்னு மிஸ் சொல்லிட்டாங்க" என்றார். நான் வாசித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் கேட்டது. அந்தப் பாப்பா வாசித்தபோது மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல இருந்தது. மெனுவைத் திறந்தால் டச் ரெஸ்பான்ஸ், அதாவது விரல் இறங்கும் விதத்துக்கேற்பச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங், 'ஹார்ட்' என்று இருந்தது. 'சாஃப்ட்'டுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு நிமிஷ வேலை. புதுக் கீபோர்டுக்காக அவர்கள் வீட்டில் பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தார்களாம்.

இந்தப் பெயர்கள்தான் பலரையும் ஏமாற்றுகின்றன. 'ஹார்ட்' வைத்தால் சத்தம் பலமாக வரும் என்று நினைத்து யாரோ மாற்றியிருப்பார்கள். நடப்பது நேர் எதிர். அந்தச் சொல் வாசிப்பவரின் கையைக் குறிக்கிறது: பலமான கைக்கு 'ஹார்ட்', மெல்லிய கைக்கு 'சாஃப்ட்'. யமஹாவின் 'சாஃப்ட்' என்பதை ரோலண்டில் 'லைட்' என்பார்கள், 'ஹார்ட்' அங்கே 'ஹெவி'. கோர்கின் பெரிய சிந்தசைசர்களில் பெயரே கிடையாது, வெறும் எண்கள். விஷயம் ஒன்றுதான்.

அதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. டச்சையே அணைத்துவிட்ட கீபோர்டுகள். காரணம் எனக்குப் புரிகிறது. ஆண்டு விழாவில் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவன் குத்துவான், ஒருத்தி தடவுவாள். அணைத்துவிட்டால் எல்லாம் சமமாகக் கேட்கும். சரி, அந்த ஒரு நாளைக்கு அணையுங்கள். ஆனால் அடுத்த வகுப்பிலும் அப்படியே விட்டுவிடுகிறோம். எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம் என்று இரண்டு வருஷம் பழகிய விரல் பிறகு ஒரு பியானோவின் முன் உட்கார்ந்தால் திணறிப்போகும்.

நம்மில் பலர் ஆர்மோனியத்திலிருந்து வந்தவர்கள். அதில் சத்தத்தின் ஏற்ற இறக்கம் துருத்தி போடும் கையில் இருக்கிறது. கட்டையை எப்படித் தொட்டாலும் உள்ளே இருக்கும் நாக்கு (ரீட்) ஒரே மாதிரிதான் பேசும். தேவாலயத்துப் பைப் ஆர்கனிலும் அப்படித்தான். பழைய சிந்தசைசர்கள் பலவற்றுக்கும் இதே குணம். 1978இல் வந்த புராஃபெட்-5, 1984இல் வந்த ஜூனோ-106 இரண்டுக்குமே விரலின் வேகம் தெரியாது. விரலின் வேகத்தை உணர்வதைப் பரவலான வழக்கமாக்கியது 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7. ஆகவே 'டச்' என்பது நம் கைக்குக் கொஞ்சம் புதிய பழக்கம்தான்; அதை மறந்துபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேகம் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நல்லா அழுத்தி வாசி" என்று வகுப்பறைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கட்டைக்கு அடியில் ரப்பரில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், சற்றுக் கழித்து மற்றது. இரண்டுக்கும் நடுவில் ஆன நேரத்தைத்தான் கீபோர்டு கணக்கிடுகிறது. நேரம் குறைந்தால் சத்தம் கூடும். கணக்கிட்டதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது, அதுதான் வெலாசிட்டி. (0 ஏன் இல்லை என்றால், மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி முறையில் வெலாசிட்டி 0 வந்தால் சுரத்தை நிறுத்து என்று பொருள்.) கட்டை அடியைத் தொட்ட பிறகு நகம் வெளுக்க அழுத்தினாலும் அந்த எண் மாறாது. ஆஃப்டர்டச் உள்ள விலை கூடிய கீபோர்டுகளில் அந்த அழுத்தத்துக்கு வேறு வேலை உண்டு, அது தனிக் கதை. பிள்ளையிடம் "வேகமாக இறக்கு" என்று சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டு வலி பாதி குறையும்.

அப்புறம், செட்டிங்கை எப்படிப் பார்ப்பது? பியானோ டோனை எடுங்கள். ஆர்கன் டோனில் பார்க்காதீர்கள், அது பொதுவாக டச்சைக் கண்டுகொள்ளாது. ஒரே கட்டையைப் பிள்ளை தன்னால் முடிந்த அளவு மெதுவாக, பிறகு சாதாரணமாக, பிறகு ஓங்கி வாசிக்கட்டும். உங்கள் விரலால் சோதிக்காதீர்கள், அங்கேதான் எல்லாம் தப்பாகிறது. கீபோர்டை லேப்டாப்பில் இணைத்து வெலாசிட்டி எண்களைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. சாதாரண வாசிப்பு 60க்கும் 80க்கும் நடுவில், ஓங்கியது 110ஐத் தாண்டி விழுந்தால் பொருத்தம் சரி என்பது என் அனுபவக் கணக்கு. ஓங்கியும் 90ஐத் தாண்டவில்லையா, 'சாஃப்ட்' பக்கம் போங்கள். எதை வாசித்தாலும் 120க்கு மேலேயே நிற்கிறதா, 'ஹார்ட்' பக்கம். பியானோவில் பழகிய கை லேசான ஸ்பிரிங் கட்டைகளுக்கு வந்தால் இந்த இரண்டாவது தொல்லைதான் வரும்.

மாற்றியும் பலன் இல்லை என்றால் வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். ரோலண்ட் சிந்தசைசர்கள் பலவற்றில் வெலாசிட்டியை 'ரியல்' என்று வைக்கலாம், அல்லது 100 போல ஓர் எண்ணில் கட்டியும் போடலாம். யாராவது கட்டிப்போட்டிருந்தால் 'லைட்', 'ஹெவி' எதுவும் பேசாது. இன்னொன்று, டோனுக்கென்றே ஒரு தனி டச் சென்சிடிவிட்டி இருக்கும். ஒரே ஒரு டோன் மட்டும் அடங்க மறுத்தால் குறை அங்கே. அதற்காக மொத்தக் கீபோர்டையும் திருத்தப் போகாதீர்கள். மாற்றிய பிறகு 'ரைட்' (Write) போட்டுச் சேமிக்கவும் வேண்டும். சேமிக்காமல் அணைத்துவிட்டு, "சார், நீங்க செஞ்சது நிக்கல" என்று என்னிடம் திரும்பி வந்தவர்கள் உண்டு.

உண்மையான பழுது எப்படித் தெரியும் என்றால், ஒரே ஒரு கட்டை மட்டும் மெல்லத் தொட்டாலும் அலறும், அல்லது ஊமையாகிவிடும். பெரும்பாலும் ரப்பருக்கு அடியில் தூசியோ ஈரமோ போயிருக்கும். அதை எந்த மெனுவும் சரிசெய்யாது. தயங்காமல் அனுப்புங்கள், துடைத்துத் தருகிறேன்.

பெற்றோர் கீபோர்டு வாங்கும் முன் உங்களைத்தான் கேட்கிறார்கள். யமஹா பிஎஸ்ஆர்-இ273 போன்ற தொடக்க மாடல்களில் டச் வசதியே கிடையாது. அடுத்த படியான இ373இல் உண்டு. முடிந்தவர்களிடம் அந்த வித்தியாசத்தை அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் முதல் பக்கத்தில், சரிகமபதநிக்கு மேலே, ஒரு வரி எழுதி வையுங்கள்: கீபோர்டு மாடல், டச் செட்டிங், பார்த்த தேதி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்கள். பிள்ளைகளின் கை வளர்ந்துகொண்டே இருக்கும். என் மேசைக்கு வரும் கீபோர்டுகள் குறையும்தான். எனக்கு ஏற்கெனவே மூன்று ஆம்ப்ளிஃபையர் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
ஒரு பழைய மெல்லிசைக் குழுக் கீபோர்டுக்காரன்