மொட்டு சிவந்தால் பனியைத் திட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாசி பிறந்தும் மதுரையில் விடிகாலைப் பனி விட்டபாடில்லை. பகலில் பங்குனி வெயில் காய்கிறது, நடுவில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மழையும் எட்டிப் பார்க்கிறது. வீட்டில் நாலு தொட்டி மல்லிகை வைத்திருப்பவர்களிடம் இப்போது ஒரே பேச்சு: "பனியடிச்சு மொட்டெல்லாம் செவந்துருச்சு." பனிக்குப் பூ குறையும், மொட்டு சிறுக்கும், மாட்டுத்தாவணியில் தை மாதம் மல்லிகை விலை ஏறுவது அதனால்தான். ஆனால் வெள்ளை மொட்டு ஊதா பாய்ந்து, அடி பருத்து, விரியாமலே கருகினால் அது பெரும்பாலும் மொட்டு ஈயின் வேலை.

சந்தேகமிருந்தால் சிவந்த மொட்டு ஒன்றைப் பறித்து, காம்புப் பக்கம் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே அடியில் ஊசிமுனை அளவுக்கு வெளிறிய புழுக்கள் நெளியும். கண் மங்கியவர்கள் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். இந்தப் புழு மண்ணில் விழுந்துதான் கூடு கட்டி, மறுபடி ஈயாகிக் கிளம்புகிறது. ஆகவே செடிக்கு மட்டும் மருந்தடித்தால் பாதி வேலைதான். கெட்ட மொட்டுகளைத் தொட்டியிலேயே உதிர்த்துவிடாமல் பாலிதீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, 2 நாள் வெயிலில் வையுங்கள். மேல்மண்ணை ஓர் அங்குலம் கிளறிக் காயவிட்டு, 12 அங்குலத் தொட்டிக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கு கலந்துவிடுங்கள். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் வீதம், வாரம் ஒரு முறையாக 3 வாரம், பூப் பறித்த பிறகு சாயங்காலத்தில் தெளிக்கலாம். எண்ணெயை முதலில் காதி சோப்புக் கரைசலில் குழப்பிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் அது மேலே மிதந்து, கடைசியாக அடிக்கிற செடியின் இலையைப் பொசுக்கிவிடும். மேகம் திரண்டிருந்தால் அன்றைக்கு வேண்டாம், மழையோடு போய்விடும்.

மொட்டில் ஓட்டையும் நூலாம்படையும் தெரிந்தால் அது மொட்டுப்புழு. கையால் பொறுக்குவதே மேல். பிச்சி மொட்டின் வெளிப்புறம் இயல்பாகவே இளஞ்சிவப்பு. அதற்கு மருந்தடிப்பவர்களும் இருக்கிறார்கள், பாவம் செடி.

மழை விஷயத்துக்கு வருகிறேன். 2021 பொங்கலையொட்டித் தென்மாவட்டங்களில் கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். தை, மாசியில் மழை வராது என்று நம்பித் தொட்டியின் அடித்தட்டை அப்படியே விடக்கூடாது. தட்டை எடுத்துவிட்டு, தொட்டிக்குக் கீழே செங்கல் துண்டு கொடுங்கள். அடித்துளையில் வேர் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். அதன்பின் 2 அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்து, ஈரமில்லாவிட்டால் மட்டுமே தண்ணீர். மழைக்குப் பிறகு யூரியா போட்டால் செடி தழைத்துக்கொண்டு போகும், மொட்டு வைக்காது.

இலை மஞ்சளாவதிலும் இரண்டு வகை உண்டு. அடியிலை முழுதாக மஞ்சளாகி, மண்ணும் சொதசொதவென்றிருந்தால் வேர் மூச்சு முட்டுகிறது, தண்ணீரை நிறுத்துங்கள். கொழுந்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேளுங்கள், நம்மூர்ப் பெயர் அன்னபேதி. லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளித்தால் புதுக்கொழுந்து பச்சையாக வரும்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். மாடித்தோட்டக் குறிப்பு வெளியிடும்போது "மல்லிகை வகைகளைக் கவாத்து செய்யவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். கவாத்து என்றால் கிளைகளை வெட்டிவிடுவது. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி, இரண்டுக்கும் 45 செ.மீ. இதைத் தனித்தனியே போடுங்கள். கார்த்திகையில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் முல்லையை வெட்டுவதைப் பார்த்து இப்போது குண்டுமல்லியை ஒட்ட நறுக்கினால், வரப்போகிற பூவெல்லாம் கத்தரிக்கோலோடு போய்விடும். தவறவிட்டவர்கள் காய்ந்த குச்சியையும் நோஞ்சான் கிளையையும் மட்டும் எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், திருப்பரங்குன்றம்