கேம்பர் வேன் (உள்ளயே படுக்கை, அடுப்பு இருக்க வண்டி) வச்சிருக்கவங்க கவனத்துக்கு

மக்களே, ஐப்பசி கார்த்திகை மழை விட்டாச்சு, தார்ப்பாய உருவிட்டு நேரா பேச்சிப்பாறைக்கு வண்டிய எடுத்துராதீங்க. முட்டம், சொத்தவிளைன்னு கடலோரம் நிறுத்துன வண்டிக்கு உப்புக்காத்துதான் எமன், அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவி, காஞ்சப்புறம் துரு இருக்கான்னு பாத்துக்கிடுங்க. என் வண்டில மேல காத்து போற வென்ட் ஓரத்துல, தண்ணி எறங்காம அடைக்கிற சீலன்ட் பசை வெடிச்சது தெரியாம மெத்தை பூரா பூசணம், ரெண்டு நாள் வெயில்ல போட்டும் நாத்தம் போவல. டயர் தேஞ்சிருக்கான்னு மட்டும் பாக்காம பக்கவாட்டுல இருக்க 4 இலக்க நம்பரையும் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சதாக்கும். கேஸ் டியூப்ல சோப்புத்தண்ணி தடவி குமிழி வருதான்னு பாக்கணும், தீக்குச்சி உரசிப் பாக்குற ஆளும் நம்ம குரூப்புல உண்டு! ஞாயித்துக்கிழமை காலைல எங்க வீட்டு முத்தத்துல பிரஷர் வாஷர் இருக்கும், வேணும்னா வண்டிய கொண்டு வாங்க.